அத்தியாயம் 6: இரண்டாவது தொகுப்பு வரை

தமிழ் விக்கிப்பீடியாவின் 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இந்த அத்தியாயத்தைப் படியுங்கள். மேலிருந்து கீழாகப் பெயர்களைப் பாருங்கள். பெரும்பாலானவை நீல எழுத்தில் இருக்கும். அவர்களை உங்களுக்குப் பழக்கம் உண்டு. நடுவில் எங்காவது ஒரு பெயர் சிவப்பில் தெரியும். அவருக்கு இன்னும் பயனர் பக்கம் இல்லை. பேச்சுப் பக்கத்தில் யாரும் ஒரு வரி எழுதவில்லை. இன்றுதான் கணக்குத் தொடங்கித் தன் ஊரைப் பற்றிய கட்டுரையில் மூன்று வரி சேர்த்திருக்கிறார். அதில் ஓர் எழுத்துப்பிழை, சான்றில்லாத ஒரு தகவல், ஊரைப் பற்றி ஒரு புகழ்மொழி.

அந்த மூன்று வரியை நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைப் பற்றியதே இந்த அத்தியாயம். முதல் தொகுப்பைச் செய்ய அவரை யாரும் அழைக்கவில்லை, தானாக வந்தார். இரண்டாவது தொகுப்பைச் செய்வாரா என்பது பெரும்பாலும் அடுத்த ஒரு நாளுக்குள் நாம் நடந்துகொள்ளும் விதத்தில் இருக்கிறது. வழிகாட்டுவோரின் வேலை முழுவதும் அந்த இரண்டு தொகுப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில்தான் நடக்கிறது.

ஏன் இத்தனை அக்கறை?

தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. அந்த ஆண்டின் இறுதியில் வந்து சேர்ந்த இ. மயூரநாதன், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர். வளைகுடா நாட்டில் வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் கட்டுரை கட்டுரையாக எழுதி இந்தக் களத்துக்கு அடித்தளம் போட்டார். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது. அவர் வந்த நாளில் இங்கே பங்களித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். விதிகளைச் சொல்லித்தரவும் ஆளில்லை, பிழை கண்டு மீளமைக்கவும் ஆளில்லை. 2017-இல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. இன்று வருபவர் முன் நிற்பது இருபதாண்டு உழைப்பில் உருவான கொள்கைப் பக்கங்கள், வார்ப்புருக்கள், பெயரிடல் மரபுகள். பழகியவர்களுக்கு இவை வசதி. புதியவர் கண்ணுக்கு இவை மதில்.

மதில் உயர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஆங்கில விக்கிப்பீடியா அனுபவத்தில் கண்டது. அங்கே தீவிரப் பங்களிப்பாளர்களின் எண்ணிக்கை 2007-இல் உச்சம் தொட்டு, பிறகு இறங்கியது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குக் காரணம் தேடியது. நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் தொகுப்புகளும் தானியங்கிக் கருவிகளால் பெருமளவில் மீளமைக்கப்பட்டன, அவர்கள் திரும்பி வரவில்லை என்று அது காட்டியது. விசமத் தொகுப்புகளைத் தடுக்கச் செய்த கருவிகள், உழைக்க வந்தவர்களையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிவிட்டன. அதே சமூகம் 2012-இல் புதியவர்கள் தயக்கமின்றிக் கேள்வி கேட்க 'தேநீரகம்' என்ற பெயரில் ஓர் இடத்தைத் திறந்தது. அங்கே அழைக்கப்பட்டவர்கள், அழைக்கப்படாதவர்களைவிடக் கூடுதலாகத் தங்கினார்கள் என்பதும் பின்னர் ஆய்வில் தெரியவந்தது.

நமக்கு 'ஆலமரத்தடி' இருக்கிறது, 'ஒத்தாசைப் பக்கம்' இருக்கிறது. பெயரிலேயே நிழலும் உதவியும் உள்ள இடங்கள். ஆனால் புதியவருக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. நாம்தான் அவர் இருக்கும் இடத்துக்குப் போகவேண்டும்.

வார்ப்புருவுக்குக் கீழே ஒரு வரி

புதுப்பயனருக்கான வரவேற்பு வார்ப்புரு நல்ல ஏற்பாடு. உதவிப் பக்கங்களின் இணைப்புகள் எல்லாம் அதில் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் கணக்குத் தொடங்கியவர் எல்லாருக்கும் ஒரே வாசகம் போகிறது என்பது பெறுபவருக்கும் தெரிகிறது. பத்திரிகைக்குக் கவிதை அனுப்பியவருக்கு அச்சடித்த அஞ்சலட்டை பதிலாக வந்ததைப் போல.

ஆகவே வார்ப்புருவை இட்ட கையோடு, அதன்கீழ் ஒரு வரியை உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். அந்த வரி ஒன்றை மட்டும் சொன்னால் போதும்: நீங்கள் எழுதியதை நான் படித்தேன். "வருக, நல்வரவு" என்று பொதுவாக எழுதினால் அது தெரியாது. குறிப்பாக எழுதுங்கள்:

"வணக்கம். உங்கள் ஊர் ஏரிக்கு மூன்று மதகுகள் உண்டு என்று சேர்த்திருந்தீர்கள். இதுவரை கட்டுரையில் இல்லாத தகவல். ஏரிக்கு எந்த ஆற்றிலிருந்து தண்ணீர் வருகிறது என்று தெரியுமா?"

இதில் இரண்டு நன்மைகள் உள்ளன. அவர் எழுத்து ஒருவர் கண்ணில் பட்டது என்று அவருக்குத் தெரிகிறது. கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லலாம் என்பதால், பேச்சுப் பக்கத்தில் எழுதும் பழக்கமும் அங்கேயே தொடங்குகிறது. நான்கு அலைக்குறி இட்டுக் கையொப்பமிடுவதை அன்றே கற்பிக்க வேண்டியதில்லை. அவர் கையொப்பமில்லாமல் பதில் எழுதினால் நீங்கள் சேர்த்துவிடுங்கள். பதிலைக் கட்டுரைக்குள்ளேயே எழுதிவிட்டால், அதைப் பேச்சுப் பக்கத்துக்கு நகர்த்திவிட்டு அங்கிருந்து தொடருங்கள்.

எல்லாருக்கும் இப்படி எழுத நேரம் போதாது என்பது உண்மை. ஒரு நாளைக்கு ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். ஒரு தொகுப்பாவது செய்தவராக அவர் இருக்கட்டும்.

மீளமைக்கும் முன் ஐந்து நிமிடம்

புதியவரின் பிழை பெரும்பாலும் சில வகைக்குள் அடங்கிவிடும். வகை தெரிந்தால் கோபம் வராது, என்ன செய்யவேண்டும் என்பதும் தெரியும்.

*புரியாத எழுத்துக் குவியல்.* கட்டுரையில் பத்து வரிக்கு ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அர்த்தமின்றிக் கிடக்கும். விசமம் என்று தோன்றும். ஆனால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழாக இருக்கலாம். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் அச்சகங்களில் பழகிய பலரிடம் அப்படிப்பட்ட கோப்புகள் நிறைய உள்ளன. அவர்கள் கணினியில் தமிழாகத் தெரிவது இங்கே ஒட்டியதும் உருக்குலைந்து போகிறது. எழுத்துரு மாற்றியில் இட்டுப் பாருங்கள். பல ஆண்டு உழைப்பு ஒன்று உள்ளே இருக்கக்கூடும். ஒருங்குறியில் எழுத தமிழ்99 விசைப்பலகையும் ஒலிபெயர்ப்பு முறையும் உண்டு என்று காட்டிக்கொடுங்கள். கைப்பேசியில் எழுதுபவருக்குக் குரலில் சொல்லி எழுதவைக்கும் வசதியையும் சொல்லலாம்.

*சோதனை.* "வணக்கம், இது வேலை செய்கிறதா?" என்று புகழ்பெற்ற கட்டுரை ஒன்றின் நடுவில் எழுதியிருப்பார். யார் வேண்டுமானாலும் தொகுக்கலாம் என்பதை அவரால் நம்ப முடியவில்லை, தொட்டுப் பார்த்திருக்கிறார். மீளமைத்துவிட்டு, "வேலை செய்கிறது, இனி நீங்களும் எழுதலாம். பழகிப் பார்க்க மணல்தொட்டி இருக்கிறது" என்று எழுதுங்கள். தானே அழித்துப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ள அந்த இடம் போல வேறில்லை.

*ஊர்ப்பற்று.* புதியவர்களில் பலர் தம் ஊரிலிருந்தே தொடங்குகிறார்கள். அது நல்ல தொடக்கம். "எங்கள் ஊர் மக்கள் அன்பானவர்கள்" என்ற வரியை எடுத்துவிடலாம். ஏரி, கோயில், சந்தை கூடும் நாள், பக்கத்து ஊருக்குள்ள தூரம் ஆகியவற்றை விட்டுவைக்கலாம். மக்கள்தொகைக்கு 2011 கணக்கெடுப்பு இருக்கிறது. மாவட்ட நிர்வாகத்தின் இணையதளம் இருக்கிறது. முதல் சான்றை நீங்களே தேடிச் சேர்த்து, எப்படிச் சேர்த்தீர்கள் என்று காட்டுங்கள். இரண்டாவது சான்றை அவர் சேர்க்கட்டும்.

*தன்னைப் பற்றிய கட்டுரை.* தன்னைப் பற்றியோ தன் தந்தையைப் பற்றியோ எழுதியிருப்பார். பயனர் பக்கத்துக்கும் கட்டுரைக்கும் வேறுபாடு தெரியாமல் செய்தவர்களே அதிகம். உள்ளடக்கத்தைப் பயனர்வெளிக்கு நகர்த்தி விளக்குங்கள். தந்தையைப் பற்றியதானால் இன்னும் மெதுவாகப் பேசுங்கள். குறிப்பிடத்தக்கமை என்ற சொல்லைக் கேட்டதும், "உன் அப்பா குறிப்பிடத்தக்கவர் அல்ல" என்று சொல்வதாகவே அவர் எடுத்துக்கொள்வார். "அவரைப் பற்றிப் பிறர் எழுதிய நூலோ செய்தியோ உண்டா? இருந்தால் அதிலிருந்து தொடங்கலாம்" என்று கேளுங்கள். இல்லையென்றால், தந்தை பணிசெய்த துறையைப் பற்றியோ வாழ்ந்த ஊரைப் பற்றியோ எழுத வழிகாட்டுங்கள்.

*படியெடுத்து ஒட்டியது.* நாளிதழிலிருந்தோ வலைத்தளத்திலிருந்தோ அப்படியே எடுத்து ஒட்டியது பதிப்புரிமை மீறல். இதில் விட்டுக்கொடுக்க முடியாது, உடனே நீக்கவேண்டும். ஆனால் நீக்கியதோடு நிறுத்தாதீர்கள். இங்குள்ள எழுத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று நாம் உலகுக்கு உறுதி கொடுத்திருக்கிறோம்; பிறருக்கு உரிமையான எழுத்தை வைத்துக்கொண்டு அந்த உறுதியைக் கொடுக்க முடியாது. காரணத்தை இப்படிச் சொன்னால் புரிந்துகொள்வார். அதே செய்தியைத் தன் சொற்களில் மூன்று வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள்.

*சொல்லை மாற்றியது.* இது தமிழுக்கே உரிய சிக்கல். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருவர் 'துடுப்பாட்டம்' என்ற சொல்லை எல்லா இடத்திலும் 'கிரிக்கெட்' என்று மாற்றுவார். இலங்கையிலிருந்து வந்த ஒருவர் 'டொராண்டோ'வை 'ரொறன்ரோ' ஆக்குவார். வேறொருவர் கிரந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு போவார். மூவருமே பிழை திருத்துவதாக மனமார நம்புகிறார்கள். "இங்கே தமிழ்நாட்டு வழக்கும் உண்டு, ஈழ வழக்கும் உண்டு. ஒரு கட்டுரையில் எது முதலில் வந்ததோ அதை மதிக்க முயல்கிறோம். தலைப்பை மாற்ற நினைத்தால் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள்" என்று முதல் நாளிலேயே சொல்லிவிட்டால், பின்னால் வரக்கூடிய தொகுப்புப் போர் ஒன்று தவிரும்.

சொல்லும் விதம்

பின்வரும் இரண்டு குறிப்புகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

"கலைக்களஞ்சியத்துக்குப் பொருந்தாத உள்ளடக்கத்தைச் சேர்க்காதீர்கள். தொடர்ந்தால் தடை செய்யப்படுவீர்கள்."

"வணக்கம். நீங்கள் சேர்த்ததில் கோயில் திருவிழா பற்றிய பகுதியை வைத்திருக்கிறேன். விழாக்குழுவினரின் தொலைபேசி எண்களை மட்டும் எடுத்திருக்கிறேன். தனிப்பட்டவர்களின் எண்களை இங்கே வெளியிடுவதில்லை. திருவிழாவின் ஒளிப்படம் உங்களிடம் இருக்கிறதா?"

இரண்டிலும் விதி ஒன்றுதான். முதல் குறிப்பில் செய்யக்கூடாதது மட்டும் இருக்கிறது, அடுத்து என்ன செய்வது என்பது இல்லை. இரண்டாவதில் எது நிற்கிறது, எது போனது, ஏன் போனது, அடுத்து என்ன என்று நான்கும் இருக்கின்றன. இந்த வரிசையைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

தொகுப்புச் சுருக்கமும் ஒரு பதில்தான். 'குப்பை', 'தேவையற்றது' என்று அதில் எழுதிவிட்டுப் பேச்சுப் பக்கத்தில் 'நல்வரவு' என்று எழுதினால், புதியவர் எதை நம்புவார்? வரலாற்றில் பதிந்தது அங்கேயே இருக்கும். பத்தாண்டு கழித்து அவரும் படிக்கலாம், அவர் பிள்ளைகளும் படிக்கலாம்.

விளிக்கும் முறையிலும் கவனம் தேவை. 'தம்பி' என்று எழுதியவுடன் அவர் உங்களுக்குக் கீழே போய்விடுகிறார். 'சார்' என்றால் நீங்கள் கீழே போகிறீர்கள். 'நண்பரே' என்று எழுதியது ஒரு பெண்ணுக்குச் சங்கடமாக இருக்கலாம். பயனர் பெயரை மட்டும் வைத்து வயதையோ பாலையோ ஊகிக்காதீர்கள். 'நீங்கள்', 'அவர்' என்ற இரண்டு சொற்களைக் கொண்டு எழுபது வயது மருத்துவரிடமும் பதினைந்து வயது மாணவியிடமும் ஒரே மதிப்போடு பேச முடியும். மொழி தந்திருக்கும் அந்த வசதியைப் பயன்படுத்துவோம்.

புதியவரின் பிழையை அவர் பெயரோடு ஆலமரத்தடிக்குக் கொண்டுபோகாதீர்கள். பத்துப் பேர் கூடிய இடத்தில் முதல் நாளே தலைகுனிந்தவர் மறுநாள் வருவதில்லை. பாராட்டை எங்கு வேண்டுமானாலும் சொல்லலாம். திருத்தத்தை அவர் பேச்சுப் பக்கத்தில் சொல்லுங்கள்.

ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதையே திரும்பச் சொல்லவேண்டாம். ஒரே பிழைக்கு மூன்று அறிவிப்பு வந்தால், ஊரே சேர்ந்து திட்டுவதாகத் தோன்றும்.

வேலையைக் காட்டுங்கள்

வீட்டுக்கு வந்த விருந்தாளியை உட்காரச் சொன்னால் போதும். இங்கே வருபவர் விருந்தாளியாக வருவதில்லை, ஏதாவது செய்யவேண்டும் என்று வருகிறார். நடவுக்குப் புதிதாக வந்த பெண்ணைப் பழகிய இரண்டு பேருக்கு நடுவில் நிறுத்துவார்கள். பக்கத்துக் கைகளைப் பார்த்துப் பார்த்து அவளுடைய வரிசையும் நேராகிவிடும். அதுபோலப் புதியவருக்கு ஓர் இடமும் பக்கத்தில் ஒரு துணையும் வேண்டும்.

யாருக்கு எந்த வேலை என்பதற்குச் சில அனுபவக் குறிப்புகள்:

• எழுதத் தயங்குபவருக்கு: எழுத்துப்பிழை திருத்தம், ஒற்றுப்பிழை திருத்தம், உள்ளிணைப்புச் சேர்த்தல். ஐந்து நிமிடத்தில் முடியும், உடனே கண்ணுக்குத் தெரியும்.

• கைப்பேசி மட்டும் வைத்திருப்பவருக்கு: தான் எடுத்த ஒளிப்படத்தைப் பொதுவகத்தில் ஏற்றி ஊர்க் கட்டுரையில் சேர்த்தல். ஊர்க் குளத்தின் படத்தை அந்த ஊர்க்காரரைவிட எளிதாக யார் எடுக்க முடியும்?

• ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கு: விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்த்தல். வருடிய பக்கம் ஒரு புறம், எழுத்து மறுபுறம். ஒருவர் பார்த்து முடித்த பக்கம் மஞ்சளாகும், இன்னொருவர் சரிபார்த்ததும் பச்சையாகும். வாழ்நாள் முழுக்க விடைத்தாள் திருத்திய கண்ணுக்கு ஏற்ற வேலை.

• ஒரு துறையில் ஆழ்ந்த அறிவுள்ளவருக்கு: அந்தத் துறையின் குறுங்கட்டுரை ஒன்றை விரிவாக்கல். புதுக் கட்டுரையை விட இது எளிது. அமைப்பு ஏற்கெனவே இருக்கும்.

முதல் நாளே புதுக் கட்டுரை தொடங்கச் சொல்வதுதான் நாம் பலமுறை செய்யும் தவறு. தலைப்பு, நடை, சான்று, பகுப்பு என்று எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் பிழை வரும். நீக்கல் வார்ப்புருவும் விரைவாக வந்துவிடும்.

கூட்டமாக வரும்போது

2010-இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டி, தமிழ்நாடு அரசின் ஒத்துழைப்போடு கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி நடந்தது. 2017-இல் தமிழ்நாட்டுப் பள்ளி ஆசிரியர்கள் பலருக்குப் பயிற்சி தரப்பட்டது. இத்தகைய நேரங்களில் ஒரே நாளில் ஒரு வகுப்பறை நிறையப் புதியவர்கள் வருவார்கள். மூன்று முன்னேற்பாடுகளை மறக்கவேண்டாம்.

ஒன்று, ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளில் ஆறு கணக்குகள்தான் தொடங்க முடியும். ஏழாவது மாணவருக்குப் பிழைச்செய்தி வரும், பட்டறையின் முதல் அரைமணி அதிலேயே போய்விடும். முந்தைய நாள் வீட்டிலிருந்தே கணக்குத் தொடங்கிவரச் சொல்லுங்கள், அல்லது முன்கூட்டியே நிர்வாகிகளின் உதவியைக் கேளுங்கள்.

இரண்டு, பட்டறை நடக்கும் நாளையும் நேரத்தையும் ஆலமரத்தடியில் அறிவித்துவிடுங்கள். சுற்றுக்காவலில் இருப்பவருக்கு விவரம் தெரியாவிட்டால், முப்பது புதிய பக்கங்களைப் பார்த்து முப்பது நீக்கல் வார்ப்புரு இட்டுவிடுவார். குறை அவருடையதாக இருக்காது.

மூன்று, மாணவர்கள் தம் பயனர் பக்கத்தில் முழுப்பெயர், பள்ளி, வகுப்பு, தொலைபேசி எண் எல்லாவற்றையும் எழுதிவிடுவார்கள். அவர்கள் சிறுவர்கள். எழுதவேண்டாம் என்று பயிற்சியின் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். எழுதிவிட்டால் உடனே எடுத்து, வரலாற்றிலிருந்தும் மறைக்கும்படி நிர்வாகி ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள்.

உறுதியாக நிற்கவேண்டிய இடம்

அன்பு காட்டுவது எல்லாவற்றையும் அனுமதிப்பது ஆகாது. நான்கு முறை விளக்கிய பிறகும் விளம்பரத்தைத் திரும்பத் திரும்பச் சேர்ப்பவர், சாதி, சமயத்தின் பேரால் பிறரை இழிவுபடுத்துபவர், பெண் பங்களிப்பாளரிடம் தனிப்பட்ட முறையில் தொந்தரவு செய்பவர் ஆகியோரை நிறுத்தத்தான் வேண்டும். கடைசியில் சொன்னதில் காத்திருக்கவே கூடாது. அங்கே நாம் காட்டும் பொறுமை இன்னொரு புதியவரை வெளியேற்றிவிடும்.

நீங்களும் புதியவரும் மாறி மாறி மீளமைக்கும் நிலை வந்தால், இரண்டாவது முறையோடு நீங்கள் நிறுத்துங்கள். 24 மணி நேரத்தில் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைக்கக்கூடாது என்ற விதி உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. தெரியாதவரை அந்த விதிக்குள் சிக்கவைப்பது நியாயமாகாது. வேறொருவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள்.

ஒரு வாரம், ஒரு மாதம்

முதல் நாள் வரவேற்றவர்கள் பலர் ஏழாம் நாள் எட்டிப் பார்ப்பதில்லை. அவர் தொகுத்த கட்டுரையை உங்கள் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொண்டால், அவர் மீண்டும் வரும்போது தெரியும். வரலாற்றுப் பக்கத்தில் ஒவ்வொரு தொகுப்புக்கும் அருகே உள்ள 'நன்றி' இணைப்பை ஒருமுறை அழுத்துங்கள். பேச்சுப் பக்கத்தில் 'விருப்பம்' இடுங்கள். அவர் கேட்டதைச் செய்து முடித்ததும் 'ஆயிற்று' என்று எழுதுங்கள். சிறிய செயல்கள்தான், ஆனால் எழுதுபவருக்கு இவை ஊதியம். வேறு ஊதியம் இங்கே கிடையாது.

மாதத்துக்கு ஐந்து தொகுப்பு செய்பவரைத் தொடர்பங்களிப்பாளர் என்று விக்கிமீடியா கணக்கிடுகிறது. உங்கள் புதியவர் அந்த எண்ணிக்கைக்கு வந்துவிட்டால் கையை மெல்ல விடுங்கள். எல்லாவற்றுக்கும் உங்களிடமே கேட்டுக்கொண்டிருந்தால், ஒத்தாசைப் பக்கத்தில் கேட்கச் சொல்லுங்கள். பிற பயனர்களையும் அவர் அறியட்டும். நீங்கள் இல்லாத நாளிலும் அவருக்கு இங்கே ஆள் வேண்டும்.

கையில் வைத்துக்கொள்ள

1. மீளமைக்கும் முன் முழுவதையும் படித்தேனா?
2. எழுத்துருச் சிக்கலா என்று பார்த்தேனா?
3. வைத்திருக்கக்கூடிய ஒரு வரியாவது கிடைத்ததா?
4. எது நின்றது, எது போனது, ஏன், அடுத்து என்ன: நான்கையும் சொன்னேனா?
5. ஒரே வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி கேட்டேனா?
6. அடுத்த வாரம் பார்க்கக் குறித்துக்கொண்டேனா?

இப்போது அண்மைய மாற்றங்கள் பக்கத்துக்குத் திரும்புங்கள். இந்த அத்தியாயத்தைப் படித்து முடிப்பதற்குள் பட்டியல் நகர்ந்திருக்கும், அந்தச் சிவப்புப் பெயர் கீழே போயிருக்கும். தேடிப் பிடித்து அவர் பேச்சுப் பக்கத்தைத் திறந்து, உங்கள் வரியை எழுதுங்கள். ஓராண்டு கழித்து ஒருநாள், உங்களுக்குத் தெரியாத புதியவர் ஒருவரின் பேச்சுப் பக்கத்தில், "வணக்கம், நீங்கள் சேர்த்ததைப் படித்தேன்" என்று அவர் எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். வழிகாட்டும் வேலை அன்றைக்கு உங்களிடமிருந்து அவர் கைக்குப் போயிருக்கும்.